ஸ்டாண்டர்ட் என்றால் இலவசம் என்று அர்த்தமல்ல!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, மொபைல் போனில் சேர்ந்து கிடக்கும் போட்டோக்களையும் வீடியோக்களையும் அதில் காப்பி செய்து வைப்பது. ஐபோனில் எடுத்த ஒரு வீடியோவை விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு மாற்றி டபுள் கிளிக் செய்கிறீர்கள். சத்தம் மட்டும் வருகிறது, படம் வரவில்லை. அல்லது இந்த வீடியோவைப் பார்க்க ஒரு கோடெக் தேவை, அதை மைக்ரோசாப்ட் ஸ்டோரில் வாங்கிக் கொள்ளுங்கள் என்று ஒரு செய்தி வருகிறது. அமெரிக்காவில் அதற்கு 99 சென்ட் விலை வைத்திருக்கிறார்கள்.

போன் பழுதா, கம்ப்யூட்டர் பழுதா என்று குழம்ப வேண்டாம். இரண்டும் சரியாகத்தான் இருக்கின்றன. 2017ல் வந்த ஐஓஎஸ் 11 முதல், ஐபோன்கள் ஹெச்.265 என்ற முறையில் வீடியோ எடுக்கின்றன. ஹெச்இவிசி என்பதும் இதுதான். இது சர்வதேச அமைப்புகள் ஏற்றுக்கொண்ட ஸ்டாண்டர்ட். அப்படியானால் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஓட வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்த ஸ்டாண்டர்ட்கள் எப்படி உருவாகின்றன என்று தெரிந்தால் பதில் கிடைத்துவிடும்.

விதியை எழுதுவது யார்?

வீடியோ என்பது அடுத்தடுத்து வேகமாக ஓடும் படங்கள். ஒரு நிமிட முழு ஹெச்டி வீடியோவை, நொடிக்கு 30 படங்கள் வீதம், சுருக்காமல் அப்படியே சேமித்தால் சுமார் 11 ஜிபி இடம் பிடிக்கும். அதனால், ஒரு படத்திலிருந்து அடுத்த படத்திற்கு மாறாத பகுதிகளை விட்டுவிட்டு, மாறியதை மட்டும் குறித்து வைப்பது போன்ற பல உத்திகளால் பைலைச் சுருக்குகிறார்கள். சுருக்கி எழுதியதை இன்னொரு கருவி சரியாகப் படிக்க வேண்டும் அல்லவா? அதற்கான விதிதான் ஸ்டாண்டர்ட்.

இந்த விதிகளை வகுப்பதற்காக, ஐ.எஸ்.ஓ., ஐ.இ.சி. என்ற இரு சர்வதேச அமைப்புகளின் கீழ் 1988ல் தொடங்கப்பட்ட குழுதான் எம்பெக். ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யு.விலும் இதே வேலைக்கு ஒரு குழு உண்டு. ஹெச்.265ஐ இரு தரப்பும் சேர்ந்து உருவாக்கின. முந்தைய ஹெச்.264 தரும் அதே தெளிவைப் பாதி அளவு பைலில் தர வேண்டும் என்பது இலக்கு. 2010 ஜனவரியில் யோசனைகள் கேட்கப்பட்டன. கம்பெனிகளும் ஆராய்ச்சி நிலையங்களும் 27 முழுமையான முறைகளை அனுப்பின. ஒவ்வொரு முறையிலும் சுருக்கிய வீடியோக்களைப் பார்வையாளர்களுக்குப் போட்டுக் காட்டி மதிப்பெண் வாங்கினார்கள். பிறகு பல முறைகளிலிருந்தும் நல்ல பகுதிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் சோதித்து, ஒரே விதியாகக் கோர்த்தார்கள். 2013ல் அது ஒப்புதல் பெற்றது.

பாராட்ட வேண்டிய முறைதான் இது. தனி ஒரு கம்பெனியின் பிடியில் சிக்காமல், எது சிறந்தது என்று சோதித்துப் பார்த்து எடுக்கிறார்கள். சுருக்கிய பைலை எப்படி விரிக்க வேண்டும் என்பதை மட்டுமே ஸ்டாண்டர்ட் கட்டாயமாக்குகிறது. எப்படிச் சுருக்குவது என்பது சாப்ட்வேர் எழுதுபவரின் திறமைக்கு விடப்படுகிறது. அதனால்தான் ஒரு ஸ்டாண்டர்ட் வெளியாகிப் பல ஆண்டுகள் கழித்தும், அதில் சுருக்கும் சாப்ட்வேர்கள் மேம்பட்டுக் கொண்டே வருகின்றன.

விலை வைப்பது யார்?

சிக்கலும் இங்கேதான் பிறக்கிறது. பலரிடமிருந்து எடுத்த பகுதிகளால் ஆன விதி என்றால், அதற்குப் பேடண்ட் சொந்தக்காரர்களும் பலர். ஐ.எஸ்.ஓ., ஐ.இ.சி., ஐ.டி.யு. மூன்றுக்கும் பொதுவான பேடண்ட் கொள்கையின்படி, இலவசமாகத் தருகிறேன் என்றோ, நியாயமான, பாகுபாடற்ற நிபந்தனைகளில் தருகிறேன் என்றோ பேடண்ட் வைத்திருப்பவர் எழுதித் தரலாம். இரண்டுக்கும் சம்மதிக்காவிட்டால் அவருடைய உத்தியை விதியில் சேர்க்க மாட்டார்கள். ஆனால் "நியாயம்" என்றால் எத்தனை ரூபாய்? அதைத் தொழில்நுட்பக் குழு பேசுவதில்லை. கம்பெனிகள் வெளியே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஹெச்.265க்கு என்ன நடந்தது? விதி தயாரான பிறகு, 2014ல் எம்பெக் எல்ஏ என்ற நிறுவனம் ஒரு கட்டணப் பட்டியலோடு வந்தது. 2015ல் ஹெச்இவிசி அட்வான்ஸ் என்ற இன்னொரு குழு, 2017ல் வெலோஸ் மீடியா என்ற மூன்றாவது குழு. எதிலும் சேராமல் தனியாக நின்ற பேடண்ட் உரிமையாளர்களும் உண்டு. மொத்தத்தில் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று கம்ப்யூட்டரும் சாப்ட்வேரும் தயாரிப்பவர்கள் முன்கூட்டியே கணக்குப் போட முடியாத நிலை. விளைவு, சிலர் அந்த வசதியைச் சேர்த்தார்கள், சிலர் தவிர்த்தார்கள், சிலர் தனி விலை வைத்தார்கள். படம் வராத உங்கள் வீடியோவுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கதைதான்.

பேடண்டுக்குக் கட்டணமே கூடாது என்பது என் வாதமல்ல. ஆராய்ச்சிக்குப் பணம் செலவாகிறது. செலவழித்தவருக்கு வருமானம் கிடைக்காவிட்டால், அடுத்த முறை நல்ல உத்தியைக் கொண்டு வந்து பொதுவில் வைக்க மாட்டார். என் ஆட்சேபம், சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு விலைப் பட்டியலைக் காட்டும் ஓட்டலைப் போன்ற நடைமுறை மீதுதான். ஒரு உத்தியை விதியில் சேர்ப்பதற்கு முன்பே, அதற்கு அதிகபட்சம் எவ்வளவு கேட்பேன் என்று உரிமையாளர் எழுதித் தர வேண்டும். விலை அதிகம் என்றால், குழு வேறு உத்தியைத் தேர்ந்தெடுக்கலாம்.

போட்டிக் கம்பெனிகள் ஒரே அறையில் உட்கார்ந்து விலை பேசுவது சட்டப்படி தவறாகிவிடும் என்று இதற்குப் பதில் சொல்வார்கள். அந்தக் கவலை உண்மையானதுதான். ஆனால் ஒவ்வொருவரும் தன் உச்சவரம்பைத் தனியே அறிவிப்பது வேறு விஷயம். கம்ப்யூட்டர் போர்டுகளுக்கு விதிகள் வகுக்கும் விடா என்ற அமைப்பு இப்படிப்பட்ட ஒரு முறையை முன்வைத்தபோது, அமெரிக்க நீதித் துறை 2006ல் அதற்கு ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.

வேறு வழியில் போனவர்களும் உண்டு. வெப்பக்கங்களுக்கு விதி எழுதும் டபிள்யூ3சி, ராயல்டி இல்லாமல் தரப்படும் உத்திகளே தன் ஸ்டாண்டர்டில் இடம்பெற வேண்டும் என்று 2004ல் கொள்கை வகுத்தது. கூகுள், மைக்ரோசாப்ட், மோசில்லா, நெட்பிளிக்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் 2015ல் ஒன்று சேர்ந்து, ராயல்டி கேட்காத ஏவி1 என்ற வீடியோ முறையை 2018ல் வெளியிட்டன. அதிலும் எங்கள் பேடண்ட் இருக்கிறது என்று சிலர் சார்பில், சிஸ்வெல் என்ற நிறுவனம் 2019ல் கட்டணப் பட்டியலோடு வந்தது. ஆகவே இலவசம் என்ற வாக்குறுதியும் முழுப் பாதுகாப்பு தந்துவிடாது. ஆனாலும் விலை தெரியாத சாப்பாட்டை விட இது மேல்.

நாம் செய்யக்கூடியது

ஐபோன் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் கேமரா, பிறகு பார்மட்ஸ் என்ற இடத்திற்குப் போய், மோஸ்ட் கம்பாட்டிபிள் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி எடுக்கும் போட்டோக்கள் ஜேபெக் முறையிலும், பெரும்பாலான வீடியோக்கள் ஹெச்.264 முறையிலும் பதிவாகும். பைல் கொஞ்சம் பெரிதாகும், ஆனால் அநேகமாக எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். ஏற்கெனவே எடுத்த ஹெச்.265 வீடியோக்களைப் பார்க்க, வி.எல்.சி. பிளேயரை இலவசமாக டவுன்லோட் செய்து பயன்படுத்தலாம். வேறு பார்மட்டுக்கு மாற்றினால், மூல பைலை அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் தெளிவு கொஞ்சம் குறையும்.

இவை நம் வீட்டளவில் செய்யும் ஏற்பாடுகள். விலையை முன்பே சொல் என்று கேட்க வேண்டிய இடம் வேறு. ஐ.எஸ்.ஓ. ஸ்டாண்டர்ட்களுக்கு வாக்களிப்பவை நாடுகளின் தர அமைப்புகள். அங்கே இந்தியாவின் உறுப்பினர், குக்கர் முதல் ஒயர் வரை ஐ.எஸ்.ஐ. முத்திரை தரும் அதே பி.ஐ.எஸ். நிறுவனம்தான். பேடண்ட் வைத்திருக்கும் கம்பெனிகள் தங்கள் இன்ஜினியர்களை அந்தக் குழுக்களுக்கு அனுப்புகின்றன. குழந்தையின் முதல் பிறந்தநாளை வீடியோ எடுத்து, இருபது வருடம் கழித்தும் பார்க்க நினைப்பவருக்கு அங்கே நாற்காலி இல்லை. அவர் சார்பில் இந்தக் கேள்வியை எழுப்ப வேண்டியது, வாக்குரிமை வைத்திருக்கும் நாடுகளின் கடமை.