செம்மண் பள்ளத்தில் வண்டி இறக்காதீர்கள்

விழுப்புரம், திண்டிவனம், வானூர் வட்டாரப் பெருமக்களுக்கும், சென்னையிலிருந்தும் புதுவையிலிருந்தும் விடுமுறைக்கு வருவோருக்கும் எங்கள் வேண்டுகோள்.

போன ஞாயிற்றுக்கிழமை பொம்மையார்பாளையத்துக்கு மேற்கே செம்மண் மேட்டில் ஜீப்புகளும் பைக்குகளும் வரிசையாக இறங்கின. மேடு, பள்ளம், முந்திரித் தோப்பு, மறுபடி மேடு என்று பொழுது சாயும்வரை சுற்றினார்கள். போன பிறகு பார்த்தால், மழைநீரைத் தேக்க நாங்கள் போட்ட வரப்பு பல இடங்களில் உடைந்து கிடந்தது. கேட்கப் போனவர்களிடம், "பாலைவனம் மாதிரிதானே இருக்கு, இதுல கெட்டுப்போக என்ன இருக்கு?" என்றார்களாம்.

பாலைவனமா? காடு அழிந்து, மழை அரித்து உண்டான பள்ளம் இது. 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது, வந்தவர்கள் முதலில் செய்த வேலைகளில் ஒன்று இந்த மேட்டில் வரப்பு போட்டது. அதன் பிறகே மரம் பிடித்தது.

ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. கொட்டியதை யாரும் மறந்திருக்க முடியாது. நம் மாவட்டத்தில் ஓராண்டில் பெய்வதில் ஏறக்குறையப் பாதி! ஓர் ஏக்கரில் அத்தனை மழை விழுந்தால் 20 லட்சம் லிட்டர் தண்ணீர். அதை மறித்து மண்ணுக்குள் இறக்குவது வரப்புதான். டயர் பதிந்த தடம் அடுத்த மழையில் வாய்க்காலாகும், அதற்கடுத்த மழையில் ஓடையாகும். மேட்டில் தண்ணீர் இறங்காவிட்டால் கடலோர ஊர்களின் போர்வெல்லில் உப்பு ஏறும். கரைந்த மண் ஒரு பக்கம் கடலுக்கும் மறுபக்கம் கழுவெளிக்கும் போகிறது. 5,151 ஹெக்டேர் கழுவெளியை 2021-இல் பறவைகள் சரணாலயமாக்கி, 2024-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்த்தாயிற்று. அதில் சேறு கொட்டவும் நாமே வழி செய்வதா?

திருவக்கரையில் 2 கோடி ஆண்டுப் பழைய கல்மரங்களுக்கு வேலி போட்டுக் காக்கிறோம். அந்தக் கல்மரங்கள் பதிந்திருக்கும் அதே கடலூர் மணற்பாறைதான் இந்த மேட்டுக்கும் அடியில் கிடக்கிறது. இதையும் காக்க வேண்டாமா?

காசு வாங்கிக்கொண்டு வழிகாட்டும் நம் ஊர்ப் பிள்ளைகளே, உடைவது உங்கள் வீட்டு நிலத்து வரப்பும்தான். வீடியோவைப் பார்த்து ரசித்துப் பகிரும் பெரியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

பள்ளத்தைப் பார்க்க வேண்டுமானால் வண்டியைத் தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். வழி காட்ட நாங்கள் வருகிறோம். ஐப்பசி மழைக்கு முன் வரப்பை அடைத்தாக வேண்டும், மண்வெட்டி பிடிக்க ஆள் தேவை. இனி இறங்கும் வண்டிகளின் எண்களை வட்டாட்சியரிடமும் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுப்போம். அதற்குப் பிறகும் வந்தால் ஊர் கூடி வழி மறிப்போம்.

இப்படிக்கு,
வானூர் வட்டார விவசாயிகள், மீனவர்கள், ஊர்மக்கள்