சிரிப்புக்குப் பின்னால்

நாடக மேடையில் ஹாஸ்ய நடிகர் வந்து நின்றதும் ஜனங்கள் கொல்லென்று சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் நடிகருக்கு உற்சாகம் இரு மடங்காகிறது. சினிமா நடிகருக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. எத்தனை கரணம் போட்டாலும் காமிரா சிரிப்பதில்லை அல்லவா?

1951-ம் வருஷத்தில் அமெரிக்க நடிகை லூஸில் பாலுக்கும், கியூபாவில் பிறந்த பாண்டு வாத்தியக்காரரான அவருடைய கணவர் டெஸி ஆர்னாஸுக்கும் நேர்ந்த சங்கடம் இதுதான். அவர்களுடைய 'ஐ லவ் லூஸி' என்னும் ஹாஸ்யத் தொடரை டெலிவிஷனில் காட்ட சி.பி.எஸ். கம்பெனி முன்வந்தது. அக்காலத்தில் இத்தகைய நாடகங்கள் பெரும்பாலும் நியூயார்க்கில் நடந்து, நடக்கும்போதே ஒளிபரப்பாயின. தூர தேசத்து ஊர்களுக்கு டெலிவிஷன் திரையையே படம் பிடித்து அனுப்பினார்கள். அது நீர் மோரைப் போல் தெளிவற்றிருக்கும். தம்பதிகளோ ஹாலிவுட்டை விட்டு நகர மறுத்தார்கள். நல்ல பிலிமில் எடுப்போம், ஆனால் எதிரே ஜனங்களும் இருக்கவேண்டும் என்றார்கள். செலவு அதிகமாகுமே! அதற்காகத் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, படங்களின் சொந்தத்தைப் பெற்றுக்கொண்டார்கள். அதே படங்களைக் கம்பெனி பின்னால் பல லட்சம் டாலர் கொடுத்து வாங்கிற்று!

இனி, வேலை செய்தவர்களைப் பார்ப்போம். ஜெர்மனியில் 'மெட்ரோபோலிஸ்' படத்திலும் வேலை செய்து, 'தி குட் எர்த்' படத்துக்காக ஆஸ்கார் பரிசு பெற்ற கார்ல் பிராயண்டு காமிராப் பொறுப்பை ஏற்றார். சினிமாவில் ஒவ்வொரு காட்சிக்கும் விளக்குகளை மாற்றி வைக்கலாம். இங்கே மூன்று காமிராக்கள் ஒரே சமயத்தில் ஓடவேண்டும். ஒன்றுக்கு உகந்த வெளிச்சம் மற்றொன்றுக்குக் கண்ணைக் கூசச் செய்யும். ஆகவே அவர் விளக்குகளை மேலே தொங்கவிட்டு, எங்கும் ஒரே சீராக ஒளி பரவச் செய்தார். தரையில் காமிரா வண்டிகள் தாராளமாக உருண்டன. ஜனங்கள் மறைப்பின்றிப் பார்த்தார்கள். பின்னர் மூன்று பிலிம்களையும் சேர்த்துப் பார்த்து வெட்டி ஒட்ட ஒரு விசேஷ யந்திரம் வந்தது. அதற்கு 'மூன்று தலைப் பூதம்' என்று பெயர் வைத்தார்கள். பூதந்தான், ஆனால் உழைக்கிற பூதம்.

கதை எழுதியவர்களுள் மாட்லின் ப்யூ என்ற பெண்மணி இருந்தார். லூஸி செய்ய வேண்டிய கோமாளித்தனங்களை அவரே முன்கூட்டிச் செய்து பார்ப்பது வழக்கம். ஒரு தடவை ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஏறிச் சுவரில் போய் மோதிக்கொண்டார். லூஸிக்கு அது அபாயம் என்று அந்த யோசனையைக் கைவிட்டார்கள்! எழுதுகிறவர்கள் இப்படி அடிபடத் துணிந்தால் நம்முடைய ஹாஸ்யக் கதைகளில் பாதி எழுதப்படாமலே போயிருக்கும்.

அதே காலத்தில், சி.பி.எஸ். கம்பெனியின் ஒலி நிபுணரான சார்லஸ் டக்ளஸ் பதிவு செய்த சிரிப்புக்களை ஒரு பெட்டியில் அடைத்தார். டைப்ரைட்டரைப் போல் சாவியை அழுத்தினால் வேண்டிய ரகம் கிடைக்கும்: புன்சிரிப்பு, வயிறு குலுங்கும் சிரிப்பு எல்லாம். பல தொடர்களுக்கு அது ஜனங்களைக் கூட்டும் சிரமத்தை மிச்சப்படுத்திற்று. 'ஐ லவ் லூஸி' கொட்டகையிலோ லூஸியின் தாயார் தவறாமல் வந்து உட்கார்ந்தார். மகள் ஏதோ விபரீதத்தில் மாட்டிக்கொள்ளப் போகிறாள் என்று தெரிந்ததும் அந்த அம்மாள் பதறி 'ஐயையோ' என்கிற பாவனையில் போடும் சப்தம் அந்தப் படங்களில் இன்றும் கேட்கிறது.