இரவல் திரை எதற்கு? இல்லத்தில் வழங்கி அமைப்போம்!

தமிழன் வீட்டுத் திரையில் ஓடுவது எவன் வீட்டுச் சரக்கு? திங்கள்தோறும் கட்டணம் கட்டுகின்றான். கட்டணம் நின்ற அன்றே திரை இருண்டு போகின்றது. ஆண்டுக்கணக்கில் கொட்டிக் கொடுத்தும் ஒரு படமேனும் அவனுக்கு உடைமையாவதில்லை. குடிக்கூலிக்கு இருப்பவனுக்கேனும் வெளியேற முன்னறிவிப்பு உண்டு. இவனுக்கு அதுவும் இல்லை!

“யான் விலை கொடுத்தே வாங்கினேன்” என்பாரும் ஏமாளிகளே! தான் விற்ற ஆர்வெல்லின் நூல்களை, வாங்கியவர் கருவிகளில் இருந்தே 2009-இல் அழித்தது அமேசான். செருமனியிலும் ஆத்திரியாவிலும் மக்கள் விலைக்கு வாங்கிய படங்கள் பல அவர்தம் தொகுப்பினின்று நீக்கப்படும் என 2022-இல் அறிவித்தது சோனி. மின்வழி விற்பனையில் ‘வாங்குக’ என்னும் சொல்லே ஏமாற்று என உணர்ந்த கலிபோர்னியா, விற்பது உடைமையன்று, வெறும் இசைவே என்பதை விற்பவன் வெளிப்படச் சொல்லல் வேண்டும் என 2024-இல் சட்டமே இயற்றிற்று!

பிறனைப் பழித்துப் பயன் என்? நம் பொருளை நாம் காத்தோமா? முதல் தமிழ்ப் பேசும்படம் எனப்படுவது 1931-இல் வெளிவந்த ‘காளிதாசு’. அதிலும் தெலுங்கும் இந்தியும் கலந்தே ஒலித்தன என்பது வேறு. இன்று அதன் ஒரு படியும் நம்மிடம் இல்லை. 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தைக் கயவர் எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அத்தீயில் மாண்டன. நம் முன்னோரோ ஓலையைப் படியெடுத்துப் படியெடுத்தே கழக நூல்களைக் காத்தனர். படி பல இருந்தால் பொருள் பிழைக்கும். இஃதே நாம் பெறும் பாடம்.

பாட்டியின் ஒப்பாரி, ஊர்க்கூத்து, புலவர்தம் சொற்பொழிவு, தமிழ்முறைத் திருமணம் இவையெல்லாம் இன்று நம் இல்லங்களில் நாடாப்பேழைகளாய்ப் பூஞ்சை பூத்துக் கிடக்கின்றன. அவற்றை எண்மக் கோப்புகளாக்கி வீட்டு வழங்கியில் ஏற்றுவதே நம் கடன்.

அதற்குப் பெருஞ்செலவு வேண்டா. பழைய கணினி ஒன்றும் இலினக்சும் போதும். அதன்மேல் ‘செல்லிபின்’ மென்பொருளை நிறுவுக. ‘எம்பி’ என்னும் மென்பொருளார் 2018-இல் தம் மூலநிரலை மூடிக்கொண்டபோது, உரிமை விரும்பிகள் அதன் திறந்த நிரலினின்று பிரித்தெடுத்து வளர்த்தது இது. விலையில்லை, வேவு இல்லை. ‘பிளெக்சு’ நிறுவனமோ, தன் வீட்டுக் கணினியில் உள்ள படத்தை வெளியூரிலிருந்து பார்ப்பதற்கும் 2025-இல் கட்டணம் வைத்தது!

வழங்கியைத் திசைவியோடு கம்பியால் இணைக்க. தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் கம்பியில்லா அலை போதும். 5 கிகாஎர்ட்சு அலை விரைவு மிக்கது, ஆனால் சுவரில் மெலியும். 2.4 கிகாஎர்ட்சு அலை தொலைவு செல்லும், ஆனால் அண்டை வீட்டு அலைகளோடு முட்டும். கோப்புகளை எச்.264 முறையில் வைத்தால் பெரும்பாலான திரைகள் அப்படியே காட்டும். இன்றேல் உடனுக்குடன் உருமாற்ற இயலாமல் பழங்கணினி திணறும். நொடிக்கு 8 மெகாபிட்டு எனக் கொள்ளின், இரண்டு மணிநேரப் படத்திற்கு ஏறத்தாழ 7 கிகாபைட்டு ஆகும். 4 தெராபைட்டு வட்டில் ஐந்நூறு படங்கள் அடங்கும். மறவற்க: ஒரு வட்டு பழுதானால் எல்லாம் பாழ்! மற்றொரு வட்டில் ஒரு படியும், வேற்றூரில் உள்ள உறவினர் வீட்டில் ஒரு படியும் வைக்க. களவுப்படங்களைக் குவிப்பதற்கன்று இவ்வழங்கி; நம்முடையதைக் காப்பதற்கே.

இத்துணையும் செய்துவிட்டுப் படப்பெயர்களை ஆங்கில எழுத்தில் பொறிப்பின், அது கூலிவீட்டை விட்டுச் சொந்த வீடு புகுந்தும் அயலான் பெயர்ப்பலகையைத் தொங்கவிடுவதாகும்! ஒருங்குறியில் 1991 முதலே தமிழ் உண்டு. தமிழ்நாட்டரசு 1999-இல் ஏற்ற ‘தமிழ்99’ விசைப்பலகையும் உண்டு. கோப்புப்பெயர், படக்குறிப்பு, உரைவரி அனைத்தையும் தமிழிலேயே எழுதுக! மென்பொருளில் தமிழாகாத சொல் எஞ்சியிருப்பின், பெயர்த்துச் சேர்க்கும் வாயில் நமக்குத் திறந்தே உள்ளது. திறந்த வாயிலில் நுழையாமல், ‘தமிழ் இல்லையே’ எனப் புலம்புவது சோம்பலன்றி வேறென்ன?

அன்பர்களே! வரும் ஞாயிறன்றே பரணில் ஏறுங்கள்! நாடாப்பேழைகளை இறக்குங்கள்! உதிர்ந்துபோன குரலை எந்த வழங்கியும் மீட்டுத் தராது.