ராத்திரி வேலைக்காரனுக்குக் கதகதப்பான வீடு

வயலில் பறவைத் தாங்கி நடச் சொன்னால் இப்போது யாரும் சிரிப்பதில்லை. கரிச்சான் வந்து உட்கார்ந்து புழுவைப் பொறுக்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டோம். ஆனால் அந்துப்பூச்சிகளில் பெரும்பாலானவை பறப்பது ராத்திரியில். அந்த நேரத்துக்கு வேலைக்கு வருவது வவ்வால். அதுக்கு நாம் என்ன செய்திருக்கிறோம்?

பழந்தின்னி வவ்வாலை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது மரத்தில் தொங்குவது, பெட்டிக்குள் வராது. நான் சொல்வது சந்துபொந்தில் ஒண்டிக்கொள்ளும் சின்னப் பூச்சித்தின்னி வவ்வால். துரிஞ்சில் என்றும் சொல்வார்கள்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கோத்தகிரிப் பக்கம் காரட்டும் முட்டைக்கோசும் போட ஆரம்பித்தபோது நானே ஒரு பெட்டி செய்தேன். குருவிப் பெட்டி மாதிரி நல்ல நிழலாகப் பார்த்து, சில்வர் ஓக் மரத்தில் கட்டினேன். இரண்டு வருஷம் காத்திருந்ததுக்கு உள்ளே குடிவந்தது சிலந்திதான். பக்கத்துத் தோட்டத்துப் பழைய தகரக் கொட்டகையிலோ வவ்வால் கூட்டம் கூட்டமாக இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் அந்தக் கொட்டகையில் ஏணி வைத்து ஏறினேன். வெளியே ஸ்வெட்டர் போடும் குளிர். தகரத்தடியில் அடுப்படிச் சூடு. அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

குட்டி போட்ட தாய் வவ்வால் ஒரு தடவைக்கு ஒன்றோ இரண்டோ குட்டியைத்தான் வளர்க்கும். பிறந்த குட்டிக்கு ரோமம் கிடையாது. தாய்கள் தேடுவது ஏறக்குறைய 27 முதல் 38 டிகிரி வரை சூடுள்ள இடத்தை. குளிர்ந்தால் வவ்வால் உடம்பைக் குளிரவிட்டு மந்தமாகிவிடும். கருவும் மெதுவாக வளரும், பாலும் குறையும். நிழலில் தொங்கும் பெட்டி நம் மலையில் வெறும் அலங்காரம். நம் முகாம்களில் சமவெளிக்கும் மலைக்கும் ஒரே பெட்டியைக் காட்டுகிறோம். அது தப்பு.

அமெரிக்காவில் 1982-இல் தொடங்கிய பேட் கன்சர்வேஷன் இன்டர்நேஷனல் அமைப்பு, கோடையிலும் பகல் வெப்பம் சராசரி 29 டிகிரியைத் தொடாத ஊரில் பெட்டிக்குக் கறுப்பு அடிக்கச் சொல்கிறது. நம் மலைக்கு அது அப்படியே பொருந்தும். வெளிப்பக்கம் மட்டும் தண்ணீரில் கரையும் பெயிண்ட், உள்ளே ஒன்றும் அடிக்கக் கூடாது. உட்பலகை சொரசொரப்பாக, கால் பிடிக்கும்படி இருக்கணும். பலகைக்கும் பலகைக்கும் முக்கால் அங்குல இடைவெளி போதும். அகலமாக விட்டால் சூடு நிற்காது. ஒரே அறையைவிட மூன்று நான்கு அறை மேல், வவ்வால்கள் நெருங்கித் தொங்கி ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும். வெயில் ஊர்ப் பெட்டிக்கு வெட்டும் காற்றுத் துளை இங்கே வேண்டாம். சூடு மேலேதான் ஏறும், அதனால் மேல் மூட்டுகளைப் பசை வைத்து அடைத்து, கூரையில் தார் ஷீட் போடுங்கள். அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும்.

திசைதான் நிறையப் பேர் கோட்டைவிடும் இடம். மேல்நாட்டுக் குறிப்புகள் தெற்கைப் பார்க்கச் சொல்லும். நமக்கு மத்தியானமானால் மஞ்சு இறங்கிவிடுகிறது. கிடைப்பது காலை வெயில், ஆகவே கிழக்கோ தென்கிழக்கோ பார்த்து, 12 அடிக்குக் குறையாத உயரத்தில், வீட்டுச் சுவரில் மாட்டுங்கள். பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இருட்டிய பிறகும் கொடுக்கும், மரம் கொடுக்காது. உள்ளே பல்பு போடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாமய்யா! வெளிச்சம் வவ்வாலை விரட்டும், ஒயர் பெட்டியைக் கொளுத்தும்.

இவ்வளவு சொன்னாலும், பெட்டி பழைய கூரைக்கு ஈடில்லை. அதுதான் இப்போது என் கவலை. பக்கத்துத் தோட்டக்காரர் தகரத்தைப் பிரித்துக் கான்கிரீட் போடப்போகிறார். "சார், நிபா வரும்ங்கிறாங்க, புகை போட்டு விரட்டிடலாம்" என்றார். 2018-இல் கோழிக்கோட்டில் பேசப்பட்டது பழந்தின்னி வவ்வால், இது வேறு என்று சொன்னேன். எதுவானாலும் வெறும் கையால் தொடாதீங்க, எச்சம் அள்ளும்போது மூக்கைக் கட்டிக்கோங்க என்றும் சொன்னேன். புகை போட்டால் பறக்கத் தெரியாத குட்டிகள் உள்ளேயே சாகும் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. குட்டிகள் பறக்கும்வரை பொறுப்பதாக ஒப்புக்கொண்டார்.

போன மாதம் என் பெட்டியைக் கறுப்படித்துச் சமையலறையின் கிழக்குச் சுவருக்கு மாற்றினேன். நேற்று காலை அதன் அடியில் சீரகம் அளவில் நாலைந்து எச்சம் கிடந்தது. நசுக்கிப் பார்த்தேன், குச்சியால்தான். பொடிப்பொடியாக உதிர்ந்து பூச்சிச் சிறகு மினுங்கியது. கொட்டகை பிரிவதற்குள் இன்னும் இரண்டு பெட்டி செய்தாகணும், பலகைக்குச் சொல்லியிருக்கிறேன்.