கம்பெனிக்கு வக்கீல் ரெடி! காசு போட்டவனுக்கு யார்?

பெரம்பலூர் கோர்ட்டு வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மஞ்சள் பையோடு ஒரு பெரியவர். அரியலூர் பக்கத்துக் கிராமம். மக்காச்சோளம் விற்ற காசை வட்டிக்கு ஆசைப்பட்டு ஒரு பைனான்ஸ் கம்பெனியில் போட்டிருக்கிறார். கம்பெனி இப்போது பூட்டிக் கிடக்கிறது.

"கேசு மதுரையில நடக்குதாம் தம்பி. அவன் பெரிய வக்கீலா வச்சிருக்கான். எனக்கு யாரு இருக்கா?" என்றார்.

பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அப்போது ஞாபகத்துக்கு வந்தவர் வி.கிருஷ்ணசாமி ஐயர்.

திருவிடைமருதூர் பிள்ளை

1863-ல் பிறந்தவர். ஊர், நம்ம கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் திருவிடைமருதூர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, அப்புறம் சட்டம் படித்து ஐகோர்ட்டு வக்கீல் ஆனார்.

1906 அக்டோபர் 22. சென்னையில் கொடிகட்டிப் பறந்த ஆர்பத்நாட் வெள்ளைக்கார கம்பெனி மஞ்சள் கடுதாசி கொடுத்தது. பென்ஷன்காரர், விதவை, குமாஸ்தா... அத்தனை பேர் சேமிப்பும் போச்சு! முதலாளி ஆர்பத்நாட் 'சர்' பட்டம் வாங்கியவர். ஆள்வதும் வெள்ளைக்காரன்தான். யார் எதிர்த்து நிற்பது?

கிருஷ்ணசாமி ஐயர் நின்றார். பணத்தைப் பறிகொடுத்தவர்கள் பக்கம் வாதாடினார். கடைசியில் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல்!

அதோடு அவர் விடவில்லை. 'நம்ம காசுக்கு நம்ம பேங்க்' என்று நகரத்தார்களையும் மற்றவர்களையும் கூட்டினார். 1907 ஆகஸ்ட் 15-ல் இந்தியன் வங்கி கதவைத் திறந்தது. 1909-ல் ஐகோர்ட்டு ஜட்ஜ். 1911-ல் 48 வயதில் காலமானார்.

சட்டம் இருக்கிறது, ஆனால்...

இன்றைக்கு ஏமாந்தவர்களுக்குச் சட்டமே இல்லையா? இருக்கிறது. தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 1997. கம்பெனி சொத்தை ஜப்தி செய்து, ஏலம் விட்டு, பணம் போட்டவர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கலாம். அரசு வக்கீலும் உண்டு.

ஆனால் கம்பெனிக்காரன் ஜாமீன், அப்பீல், தடை என்று படி படியாக ஏறுகிறான். எந்தச் சொத்து யார் பெயரில் மாறியது, ஏலம் ஏன் நிற்கிறது என்று விடாமல் துரத்த ஆள் வேண்டாமா? கணக்குப் புத்தகம் படிக்கத் தெரிந்த வக்கீல் வேண்டாமா? மஞ்சள் பை பெரியவரால் முடியுமா?

என்ன செய்யலாம்?

ஒன்று: தனித்தனியாக அலையாதீர்கள். ஒரே கம்பெனியில் ஏமாந்தவர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு நல்ல வக்கீலை வையுங்கள்.

இரண்டு: இலவச சட்ட உதவி கேளுங்கள். பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு வருமான வரம்பே கிடையாது. மற்றவர்களில் பலருக்கு வரம்பு உண்டு. பிச்சை அல்ல, 1987-ம் வருஷச் சட்டம் கொடுத்த உரிமை! கம்பெனி கேஸ் தெரிந்த வக்கீல்களை அதிகாரிகளும் அந்தப் பட்டியலில் சேர்க்கவேண்டும்.

மூன்று: திருச்சி சட்டக் கல்லூரிக்கு பஸ் ஏறும் நம்ம ஊர்ப் பசங்களே! அடிதடி, வரப்புத் தகராறு கேஸ் மட்டும் போதாது. கம்பெனிச் சட்டமும் படியுங்கள். நாளைக்குப் பெரிய கம்பெனி கூப்பிட்டால் போங்க, சம்பாதிங்க, தப்பில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒரு கேஸாவது மஞ்சள் பைக்காரருக்காக நில்லுங்கள்.

வெள்ளைக்காரன் காலத்திலேயே முடிந்தது. இப்போது முடியாதா?