பூநாரை பார்க்கப் போக ஒரு பாதை வேண்டும்

குளிர்காலம் பிறந்துவிட்டால் பழவேற்காட்டுக்குக் கூட்டம் வரத் தொடங்கிவிடும். கேமராவும் பைனாகுலருமாக வருகிறவர்கள், வேனில் வந்து இறங்கும் பள்ளிப் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை நண்டும் இறாலும் வாங்க வரும் சென்னைக் குடும்பங்கள். சிலிக்காவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஆழம் குறைந்த அதன் தண்ணீரில் பூநாரையும் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் இரை தேடி நிற்கும். தமிழ்நாட்டுப் பகுதியில் சுமார் 153 சதுர கிலோமீட்டரை 1980-லேயே பறவைகள் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். இத்தனை பேர் வந்துபோகும் இந்தக் கரையில் சக்கர நாற்காலியைக் காண்பது அரிது. பார்வையற்றவர்கள் ஒரு குழுவாக வந்து பறவைகளின் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போவதும் அப்படித்தான்.

ஏன் என்று கேட்பவர்கள் ஒரு முறை சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தண்ணீர்வரை போய்ப் பார்க்க வேண்டும். தார்ச்சாலையைவிட்டு இறங்கியதும் மணல், அதைத் தாண்டினால் சிப்பி ஓடு கலந்த சேறு. நாற்காலியின் முன்சக்கரங்கள் சின்னவை; மணலில் பட்டதுமே பக்கவாட்டில் திரும்பிப் புதைந்துகொள்ளும். பின்னாலிருந்து அழுத்தித் தள்ளினால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். நாற்காலியை அப்படியே திருப்பி, பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனால்தான் நகரும். ஏரியைப் பார்க்க வந்தவர் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. கரைக்குப் போய்ச் சேர்ந்தாலும் ஃபைபர் படகு முழங்கால் தண்ணீரில் நிற்கும். விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டும். உள்ளே குறுக்குப் பலகைதான் இருக்கை. சாய்ந்துகொள்ள முதுகுப்பலகையோ பிடித்துக்கொள்ளக் கம்பியோ கிடையாது.

குப்பத்துப் பையன்கள் நல்ல மனசுக்காரர்கள். ‘வாங்கக்கா, தூக்கிட்டுப் போயிடலாம்’ என்று கேட்காமலே வந்து நிற்பார்கள். ஒருவர் அக்குளில் கைகொடுக்க, இன்னொருவர் முழங்காலுக்கடியில் பிடிக்க, நடுவில் உடை விலக, இடுப்பில் வலி பிடுங்க, கரையில் நிற்கும் அத்தனை பேரும் பார்க்க ஒரு பெண் ஏன் படகு ஏற வேண்டும்? அடுத்த முறை ‘நீங்க போயிட்டு வாங்க, நான் வண்டியிலேயே இருக்கேன்’ என்று சொல்லிவிடுகிறாள். வீட்டாரும் நாளடைவில் அவளைக் கூப்பிடுவதை விட்டுவிடுகிறார்கள்.

கழிவறையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. சக்கர நாற்காலி நுழையும் அளவுக்குக் கதவு அகலமாக இருந்து, உள்ளே திரும்ப இடமும் கைப்பிடியும் உள்ள கழிவறை போகிற இடத்தில் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் மாற்றுத்திறனாளிகள் பயணத்தையே முடிவு செய்கிறார்கள். இருக்காது என்று தெரிந்தால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் கிளம்புவார்கள். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். குழுவாக இருபது பேர் வருகிறார்கள் என்றால் இந்த ஒரு வசதி இல்லாததாலேயே திட்டம் கைவிடப்படும்.

வெளியூர்க்காரர்களின் குறை மட்டும் இல்லை இது. கோட்டைக்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், அரங்கம்குப்பம் என்று ஏரியை நம்பியே இருக்கும் ஊர்கள் இவை. பாடு முறையில் யார் எங்கே, எந்த நாளில் வலை போடுவது என்பதுவரை ஒழுங்கு வகுத்து வாழ்ந்துவரும் மக்கள். அப்படிப்பட்ட ஊரில் பக்கவாதம் வந்தோ, விபத்தில் கால் போயோ வீட்டோடு ஆனவர், கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஏரியில் மறுபடி இறங்க வழியில்லாமல் திண்ணையில் வலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தொழில் போனதற்கு உதவித்தொகை உண்டு. ஏரி போனதற்கு ஒன்றும் இல்லை.

இதெல்லாம் அரசு மனமிரங்கிச் செய்ய வேண்டிய சலுகையும் அல்ல. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 29-வது பிரிவில், மற்றவர்களுக்குச் சமமாகப் பொழுதுபோக்கில் பங்குபெறும் உரிமையை எழுதி வைத்திருக்கிறது. வெளிப்புற முகாம்கள், சாகச விளையாட்டுகள் வரை அதில் சொல்லப்பட்டிருக்கின்றன. அரசுக்கும் உள்ளாட்சிகளுக்கும் அது கடமை. பார்வைக் குறைபாடு உள்ள ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: அணுகல் வசதிக்கான தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, அவற்றைக் கட்டாயமாக்க வேண்டும்.

செய்ய முடியாத காரியமா என்றால், சென்னை மெரினாவைப் பாருங்கள். மாற்றுத்திறனாளி அமைப்புகள் விடாமல் கேட்டதன் பலனாக முதலில் டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டித் தற்காலிகப் பாதை போட்டார்கள். 2022 நவம்பரில் 1.14 கோடி ரூபாய் செலவில் 263 மீட்டர் நீளத்துக்கு நிரந்தர மரப்பாதையே வந்தது. பிறந்ததிலிருந்து சென்னையில் வாழ்ந்த மாற்றுத்திறனாளிகள் சிலர் அன்றைக்குத்தான் அலை அருகே போனார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் பாதை சேதமானதும், பிறகு சரிசெய்யப்பட்டதும் பழவேற்காட்டுக்கு ஒரு பாடம். முகத்துவாரம் அடைபடுவதும் திறப்பதுமாக, நீர்மட்டம் ஏறி இறங்கும் கரை இது. இங்கே மழைக்காலத்துக்கு முன் கழற்றி வைத்துவிட்டுப் பிறகு பூட்டக்கூடிய பலகைகளும், தண்ணீரோடு சேர்ந்து உயர்ந்து தாழும் மிதவைத் துறையும்தான் நிலைக்கும்.

படகைப் பற்றிப் பேசும்போது 2011 டிசம்பர் 25-ஐ மறக்க முடியாது. கிறிஸ்துமஸ் அன்று சுற்றிப்பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது; அதை மீறித்தான் மேலே சொன்ன சவாரிகள். அந்தத் தடை நியாயமானது. கையால் நீந்தக்கூட இயலாதவர்களை உயிர்காக்கும் கவசம் இல்லாத படகில் ஏற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. என்றைக்காவது முறையான படகுச் சவாரி அனுமதிக்கப்பட்டால், முதல் படகே சக்கர நாற்காலியை ஏற்றிப் பூட்டும் வசதியோடு இறங்க வேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது ஒருநாளும் சேராது.

அதுவரை கரையிலிருந்தே நிறையச் செய்யலாம். ஆந்திரப் பக்கத்தில் சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை இந்த ஏரியின் ஊடாகவே போகிறது. பருவத்தில் பேருந்து ஜன்னலிலிருந்தே பூநாரை தெரியும். நம் பக்கத்தில் வேண்டியது கெட்டியான சரிவுப்பாதை, அதன் முடிவில் நிழலோடு ஒரு பார்வை மேடை. மேடைக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பும்போது உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தை அளந்து எழுப்ப வேண்டும். இல்லையென்றால் அவருக்குச் சிமென்ட்தான் காட்சி. அமெரிக்காவில் சக்கர நாற்காலியிலிருந்தபடி பறவை நோக்கும் விர்ஜினியா ரோஸ் என்ற ஆசிரியை தொடங்கிய ‘பேர்டபிலிட்டி’ அமைப்பு, பாதை எத்தனை சரிவு, கழிவறை எங்கே என்று பறவை நோக்கும் இடங்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டித் தருகிறது. அப்படி ஒரு விவரப் பலகையை இங்கே வைக்கப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை.

பருவத்தில் மாதம் ஒரு நாளாவது குழுப் பயணத்துக்கென்று ஒதுக்கலாம்: தாழ்தளப் பேருந்து, சைகை மொழிபெயர்ப்பாளர், பார்வையற்றவர்கள் தொட்டுப் பார்க்க வலையும் தூரியும் சிப்பியும். வழிகாட்டியாக யாரை வைப்பது என்று தேட வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாரே, அந்த மீனவர் இருக்கிறார். காற்று எந்தப் பக்கம் திரும்பினால் மடவை எங்கே கூடும், பறவை ஏன் இந்த மூலையில் இறங்குகிறது என்று அவரைவிட யார் சொல்வார்கள்? அதற்கு அவருக்குச் சம்பளம் கொடுங்கள்.

ஏரி வனத்துறையிடம், மீன்பிடி மீன்வளத்துறையிடம், சாலையும் கழிவறையும் ஊராட்சியிடமும் மீஞ்சூர் ஒன்றியத்திடமும், பயணிகள் சுற்றுலாத்துறையிடம். இப்படி ஆளுக்கொரு துண்டாகப் பிரிந்திருப்பதால் யாரும் முழுதாகப் பொறுப்பேற்பதில்லை. திருவள்ளூர் ஆட்சியர் ஒருவரால்தான் இவர்கள் எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க முடியும். அந்த மேசையில் மாற்றுத்திறனாளிகளுக்கும் இடம் வேண்டும். உள்ளாட்சி அமைப்புகளில் அவர்களை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத்தை 2025-ல் சட்டப்பேரவை நிறைவேற்றியிருக்கிறது. ஏரிக்கரை ஊராட்சிகளில் அப்படி வரும் உறுப்பினரையும் அழைத்துக்கொண்டு அதிகாரிகள் கரைக்குப் போகட்டும். முதலில் கழிவறையும் சரிவுப்பாதையும். அடுத்த பருவத்தில் பூநாரைகள் இறங்குவதற்குள் இந்த இரண்டுக்காவது மதிப்பீடு போட்டு வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.