ஆப்புக்குள் ‘தமிழ்’ எத்தனை எழுத்து?

‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? த, மி, ழ். மூன்று. சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகும் எந்தப் பிள்ளையும் சொல்லிடும். இதே கேள்வியை போனுக்குள் ஓடும் நிரல்மொழிகளிடம் கேட்டால் பதில் மாறும். ஸ்விஃப்ட் 3 என்று சொல்லும். காட்லினும் டார்ட்டும் 5 என்று சொல்லும். சர்வரில் இருக்கும் கோ மொழி 15 என்று சொல்லும்.

யாரும் பொய் சொல்லலை. எண்ணுகிற பொருள்தான் வேறே. யூனிகோடில் இந்தச் சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து துண்டாக இருக்கு. காட்லின் அந்தத் துண்டுகளை எண்ணுது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு துண்டுக்கும் 3 பைட். கோ எண்ணுவது அந்த 15 பைட்டை. ஸ்விஃப்ட் மட்டும் நம்ம கண்ணுக்குத் தெரிகிற எழுத்தை எண்ணுது.

ஒரே ஆப்புக்கு எதுக்கு இத்தனை மொழி என்று கேட்பீங்க. ஆண்ட்ராய்டுக்கு காட்லின், ஐபோனுக்கு ஸ்விஃப்ட். ஒரே திரையை இரண்டு தடவை எழுதாமல் இருக்க, பல டீம்கள் ஃப்ளட்டர் எடுத்து டார்ட்டில் எழுதுவாங்க. ஆனா மைக், கேமரா மாதிரி வேலைகளுக்குப் பல நேரம் கீழே இருக்கிற காட்லினிடமோ ஸ்விஃப்டிடமோதான் கேட்கணும். அதற்கான வழிக்கு ஃப்ளட்டரில் மெத்தட் சேனல் என்று பேர்.

அந்த வழியில் எதுவும் அப்படியே போகாது. கட்டிலை முழுசா பிளேனில் ஏத்த முடியாதே! கழற்றி, பெட்டி கட்டி, அந்தப் பக்கம் போய் மறுபடி மாட்டுகிற கதைதான். எண், சொல், பட்டியல் போன்ற எளிய சாமான்கள் பத்திரமா போய்ச் சேரும். சொல்லும் முழுசா சேரும். சிக்கல் வருவது அந்தச் சொல்லைப் பற்றிய எண்ணை அனுப்பும்போதுதான்.

ஒரு வாசிப்புப் பயிற்சி ஆப்பை எடுத்துக்கோங்க. பிள்ளை ‘தமி’ வரை சரியா வாசிச்சிடுச்சு. ஸ்விஃப்ட், "2 எழுத்து முடிஞ்சது" என்று எண்ணை அனுப்புது. டார்ட் இரண்டு துண்டை வெட்டி ‘தம’ என்று காட்டும். பிரிந்துபோன இகரக் குறி, புள்ளி வட்டத்தோடு தனியா நிற்கும். அந்தப் புள்ளி வட்டத்தை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீங்க.

இதைவிட மோசம் ‘கொ’. இதை க, அப்புறம் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி என்றும் சேமிக்கலாம். க, கொம்பு, கால் என்று தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒண்ணுதான். ஸ்விஃப்ட் இரண்டும் சமம் என்று சொல்லும். காட்லினும் டார்ட்டும் வேறு வேறு என்று சொல்லும். எழுத்துத் தேர்வில் அக்காவின் ஐபோன் ‘சரி’ போட்ட அதே விடைக்கு, தம்பியின் ஆண்ட்ராய்டு ‘தவறு’ போட்டால்? பிள்ளை ஆப்பைச் சந்தேகப்படாது. "எனக்குத் தமிழ் வராது" என்றுதான் நினைச்சுக்கும். ஏற்கனவே தயங்கித் தயங்கி எழுதும் பிள்ளைக்கு இது போதும், ஒதுங்கிப் போக.

பெயரும் தப்பாது. ‘கார்த்திகேயன்’ நமக்கு 7 எழுத்து, காட்லினுக்கு 13. பெயர்ப் பெட்டியில் வரம்பு 12 என்றால் கடைசிப் புள்ளி போய் ‘கார்த்திகேயன’ ஆகிடும்.

வழி இருக்கு. எண்ணை அனுப்பாமல் வாசித்த பகுதியையே அனுப்பலாம். எண்தான் வேணும் என்றால், டார்ட்டிலும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ண ‘கேரக்டர்ஸ்’ என்ற பேக்கேஜ் இருக்கு. ஒப்பிடும் முன் இரண்டு சொல்லையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றணும். தமிழ் ஆப் எதைச் சோதித்தாலும் நான் முதலில் போடும் சொற்கள் ‘கொக்கு’, ‘தமிழ்’, அப்புறம் நீளமான ஒரு பெயர்.

நீங்களும் செய்யலாம். பிள்ளைக்குப் புது தமிழ் ஆப் இறக்கினால், முதலில் அவங்க பெயரைத் தமிழில் முழுசா அடிச்சுப் பாருங்க. புள்ளி தொலைஞ்சாலோ, சரியான விடைக்குத் தவறு விழுந்தாலோ, படம் எடுத்து, எந்த போன் என்பதையும் சேர்த்து, செஞ்சவங்களுக்கு அனுப்புங்க. பிள்ளையிடமும் சொல்லிடுங்க: "நீ எழுதினது சரிதான் கண்ணா, ஆப்புக்குத்தான் எண்ணத் தெரியலை."